மான்காவல்: திருகோணமலைக் கதைக்கு ஒரு காவல் மந்திரம் கட்டும் முழுமையான வழிகாட்டி

மந்திர உலகக் கதைகளில் வரும் காவல் மந்திரங்களில் பாதியை என்னால் நம்ப முடிவதில்லை. ஆபத்து வருகிறது, நாயகி கையை நீட்டுகிறாள், வெளிச்சம் பாய்கிறது, எங்கிருந்தோ ஒரு மிருகம் எழுந்து வந்து எதிரியைத் துரத்துகிறது. வாசிக்கிறவருக்கு ஒரு இடத்திலும் நெஞ்சு படபடப்பதில்லை. அந்த மந்திரம் எதையும் செய்யும் என்று முன்னமே தெரிந்துவிட்டதே, பிறகு எதற்குப் பயப்படுவது?

திருகோணமலையில் நடக்கும் ஒரு மந்திரக் கதைக்குக் காவல் மந்திரத்தை அடியிலிருந்து எப்படிக் கட்டுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ‘மான்காவல்’ என்ற மந்திரத்தை இங்கேயே உருவாக்கிக்கொண்டு போவோம். மந்திரமும் அதன் எதிரியும் முழுக்கக் கற்பனை. ஊரும் காற்றும் கடலும் மானும் உண்மை.

முதல் படி: எதைக் காக்காது என்று எழுதுங்கள்

கொப்பியைத் திறந்ததும் மந்திரத்தின் சக்திகளைப் பட்டியல் போடத்தான் கை போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த மந்திரத்தால் முடியாதவற்றை முதலில் எழுதுங்கள்.

எங்கள் ஊரில் இது வெறும் எழுத்து நுட்பம் இல்லை, மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரைக்கு வந்த அலையை நினைத்துப் பாருங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் அன்றைக்கு ஆளை இழந்த வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி நாளைக்கு உங்கள் கதையை வாசிப்பாள். கடலையே தடுத்து நிறுத்தும் மந்திரம் அதில் இருந்தால், “அப்ப அண்டைக்கு இது எங்க போனது?” என்றுதான் முதலில் கேட்பாள். போர்க்காலத்துக்கும் இதே கேள்வி உண்டு. வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராதவர்களின் படத்துக்கு மாலை போடவும் மனமில்லாமல், கழற்றவும் மனமில்லாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவில் இருந்துதான் நாங்கள் எழுதுகிறோம்.

ஆகவே மான்காவல் அலையைத் தடுக்காது. குண்டைத் தடுக்காது. நோயைத் தடுக்காது. செத்தவரை மீட்காது. இந்த நான்கு வரியையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கதை நடுவில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இவற்றில் கை வைக்க வேண்டாம்.

இன்னொரு வேலியும் போடவேண்டும். கோணேசரையோ பத்திரகாளி அம்மனையோ கதாபாத்திரம் ஏவிவிடும் காவலாளாக எழுதாதீர்கள். கோயிலில் ஓதும் உண்மையான மந்திரத்தையோ பள்ளிவாசலில் ஓதுவதையோ எடுத்துக் கதைக்குள் செருகவும் வேண்டாம். மக்கள் மெய்யாகவே கும்பிடுகிற ஒன்றை விளையாட்டுச் சாமான் ஆக்கினால் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊரில் ஒட்டாது.

வழக்கத்திலிருந்து எடுக்கக்கூடியது வேறு. நூல் ஓதிக் கட்டுவது, தண்ணீர் ஓதிக் குடிப்பது, வளவுக்குக் காவல் பண்ணுவது என்று எங்கள் பக்கத்தில் இந்து, முஸ்லிம் வீடுகளில் பழகிய முறைகள் இருக்கின்றன. இவற்றைக் கூர்ந்து பாருங்கள். காவல் பெறுகிறவர் சும்மா இருக்க முடியாது. நூல் கட்டினால் இத்தனை நாள் மச்சம் தின்னாதே, துடக்கு வீட்டுக்குப் போகாதே என்று ஏதாவது ஒரு பத்தியம் சேர்ந்தே வரும். அந்தப் பத்தியம்தான் உங்களுக்கு வேண்டிய பொருள். அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: எதிரியைச் சின்னதாக்குங்கள்

உலகத்தையே அழிக்க வரும் இருள், ஆயிரம் தலை அரக்கன் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய்யும் எதிரி போதும்.

எங்கள் உதாரணத்துக்குப் பேர்தின்னி. மாரிகாலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வரும். ஆளைத் தொடாது, வீட்டைத் தொடாது. கடலுக்குப் போனவரின் பேரை வீட்டிலிருப்பவரின் நாவிலிருந்து எடுத்துவிடும். விடிந்து எழும்பிய மனுசிக்கு வாசலில் கிடக்கும் செருப்பு யாருடையது என்று தெரியாது. அடுத்த நாள் அந்தச் செருப்பைத் தூக்கி எறிந்துவிடுவாள். பேரை மறந்தபின் காத்திருக்க ஆளில்லை, தேட ஆளில்லை. காத்திருந்தே வயது போன ஊரில் இதைவிடப் பெரிய அழிவை எழுத வேண்டியதில்லை.

எதிரி வரும் இடத்துக்கும் யோசனை வேண்டும். சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றனவே, இரண்டாம் உலகப்போருக்கு முன் பிரித்தானியர் கட்டியவை, வெறும் தாங்கிக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வரும். தின்ற பேர்களைப் பேர்தின்னி அங்கே அடைத்து வைக்கிறது என்று வையுங்கள். மீட்கப் போகும் அத்தியாயத்துக்கு இடம் தயார்.

மூன்றாம் படி: காவலாளைத் தேர்ந்தெடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சிங்கம், புலி, கழுகு என்று போகாதீர்கள். உங்கள் தெருவில் நீங்கள் பார்க்கும் உயிர் எது?

திருகோணமலைக்காரருக்குப் பதில் உடனே வரும்: கோட்டை மான்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். ஒரு பின்னேரம் கையில் கைபேசி இல்லாமல் போய் ஓரமாக இருந்து பாருங்கள். அசைபோடும்போது தாடை ஒரு பக்கமாக நகரும். கண் பாதி மூடியிருக்கும், காது மட்டும் தனியே திரும்பிச் சத்தம் வரும் திசையைப் பிடிக்கும். சந்தேகம் தட்டினால் எழும்பும், கழுத்தை நிமிர்த்தும், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிலத்தில் குத்தும். ஒரு குத்து, பிறகு இன்னொன்று. கூட்டம் முழுக்கத் தலை தூக்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

அந்தக் கால்குத்துதான் எங்கள் மந்திரம். மான் சண்டைக்காரன் இல்லை, முன்கூட்டிச் சொல்கிறவன். ஆகவே மான்காவலும் எதிரியைக் கிழித்துப் போடாது. வீட்டுக்கும் எதிரிக்கும் குறுக்கே நின்று நிலத்தைக் குத்தும். அந்தச் சத்தம் கேட்கும் எல்லைக்குள் பேர்தின்னியால் யாருடைய நாவையும் தொட முடியாது. அவ்வளவுதான் அதன் சக்தி.

மானின் உடம்பே உங்களுக்கு இன்னும் விதிகள் தரும். ஆண் புள்ளிமானுக்கு வருடத்துக்கு ஒருமுறை கொம்பு விழும். புதிய கொம்பு வளரும்போது மேலே மெல்லிய மயிர்த்தோல் மூடியிருக்கும், உள்ளே இரத்தம் ஓடும், பட்டால் நோகும். முற்றியபின் அந்தத் தோலை மரத்தில் உரசிக் கழற்றும். இதை அப்படியே எடுங்கள்: கொம்பு விழுந்த காலத்தில் காவல்மான் எச்சரிக்கும், ஆனால் குறுக்கே நிற்காது. எல்லா மானுக்கும் ஒரே நாளில் கொம்பு விழுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டின் காவலும் வேறு வேறு காலத்தில் தளரும், அப்போது பக்கத்து வீட்டின் தயவு வேண்டும். ஒரு சின்ன உண்மையிலிருந்து முழு ஊர் உறவே கிடைத்துவிட்டது, பாருங்கள்.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது, அதையும் விடாதீர்கள். இந்த மான்கள் நகரத்துக்குள் இறங்கிக் குப்பையைக் கிளறுகின்றன, சாப்பாட்டு மணம் பட்ட பொலித்தீனை விழுங்குகின்றன. எங்களைக் காக்க வரும் உயிரை நாங்கள் காக்கவில்லை. கதையில் ஒரு காவல்மான் பேர்தின்னியால் சாகவேண்டியதில்லை, வயிற்றில் பொலித்தீனோடு சாகலாம். வாசிக்கிற சிறுபிள்ளைக்கு அது போதும்.

நீலத்திமிங்கிலத்தை எடுக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். நல்ல ஆசைதான். துறைமுக வாயிலுக்கு அருகிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன. அவற்றின் குரல் மனிதக் காதுக்குப் பிடிபடாத அளவு தாழ்ந்தது, கடலுக்கடியில் வெகு தூரம் போகும். ஆனால் அவ்வளவு பெரிய காவலாளை முதல் கதையிலேயே இறக்கினால் அடுத்தது என்ன? இரண்டாம் பாகத்துக்கு வைத்திருங்கள்.

நான்காம் படி: எல்லை போடுங்கள்

சத்தம் கேட்கும் தூரம் என்று சொன்னோம். அந்தத் தூரத்தை யார் தீர்மானிப்பது? காற்று.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசும். சத்தம் காற்றோடு போகும்போது தூரம் கூடும், எதிர்த்துப் போகும்போது குறையும். ஆகவே கச்சானில் மான்காவல் கடலில் நிற்கும் வள்ளம்வரை எட்டும். வாடை தொடங்கினால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். மழை இரைச்சலும் கடல் இரைச்சலும் சேரும். காவல் வளவு வேலியைத் தாண்டாது, சில இரவுகளில் திண்ணையைக்கூடத் தாண்டாது. பேர்தின்னி வருவதும் அந்தக் காலத்தில்தான். தேவை கூடும்போது காவல் சுருங்குகிறது. கதைக்கு வேண்டிய இறுக்கம் காற்றிலிருந்தே வந்துவிடுகிறது, நீங்கள் வலிந்து எதையும் செய்யவேண்டாம்.

கதை நடக்கும் வருடத்தையும் பார்த்து வையுங்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். அதற்கு முன் அங்கே ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் நீரைக் கடந்தார்கள். கால்குத்துக்கு நிலம் வேண்டும் என்பது உங்கள் விதியானால், பழைய கதையில் கிண்ணியா நண்பனுக்கு நகரத்துக் காவல் நேரே போய்ச் சேராது. பாலம் வந்தபின் நடக்கும் கதையில் கொங்கிரீட்டும் நிலமாகுமா என்று இரண்டு கிழவிகள் வாதாடலாம். அந்த வாதத்தை முழு அத்தியாயமாக எழுதினாலும் எனக்கு அலுக்காது.

ஐந்தாம் படி: மந்திரச் சொல்லை எழுதுங்கள்

புரியாத சத்தங்களைக் கோத்து மந்திரம் என்று சொல்லாதீர்கள். பாதி வடமொழி, பாதி ஆங்கிலம் போல ஒலிக்கும் கலவையும் வேண்டாம். தமிழில் காப்புப் பாடும் மரபு நீண்டது. கவச நூல்கள் தலை தொடங்கிக் கால்வரை ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக் காவல் கேட்கும். அந்த வரிசை முறை உங்களுக்கு உதவும், வரிகளை மட்டும் நகல் எடுக்காதீர்கள்.

இன்னொரு பள்ளிக்கூடம் கடற்கரையில் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்கிற மீனவர் பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒரு வரி, ஒரு இழுப்பு. மூச்சும் கையும் சொல்லும் ஒன்றாக நகரும். மந்திரமும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு மூச்சில் ஒரு வரி, அதற்குமேல் போனால் பயந்து நிற்கிற பிள்ளைக்குச் சொல்ல வராது. எங்கள் மந்திரம் இது:

கல்லே கேள், கடலே கேள்,
கால் மிதித்த மண்ணே கேள்,
கடல் போன பேர் இது,
புள்ளியனே, குறுக்கே நில்.

மூன்றாம் வரிக்குப் பின் கடலுக்குப் போனவரின் பேரைச் சொல்லவேண்டும். நான்காம் வரியைக் கட்டுகிறவர் சொல்லக்கூடாது, காவல் பெறுகிறவர்தான் வாங்கிச் சொல்லவேண்டும். அதனால் யாருக்கும் தெரியாமல், அவர் சம்மதம் இல்லாமல் காவல் கட்ட முடியாது. கோபித்துக்கொண்டு வாய் திறக்க மறுக்கும் தம்பிக்கு அக்கா எப்படிக் காவல் கட்டுவாள்? ஒரு முழுக் காட்சி அதற்குள் இருக்கிறது.

மந்திரத்துக்கு ஒரு வரலாறும் வேண்டுமென்றால் கோட்டை வாசலுக்கே போங்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். வாசல் சுவரில் இரட்டை மீன் சின்னமும், வரிகள் சிதைந்த பழைய தமிழ்க் கல்வெட்டும் இன்றைக்கும் இருக்கின்றன. உங்கள் மந்திரத்திலும் ஒரு வரி அப்படி உடைந்து போயிருக்கட்டும். சாம்பல்தீவில் ஒரு மாதிரி, தம்பலகாமத்தில் ஒரு மாதிரி அந்த இடத்தை நிரப்பிச் சொல்கிறார்கள். எது சரி என்று கடைசிவரை சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: விலை வையுங்கள்

களைப்பு, மூக்கில் இரத்தம், மயக்கம் எல்லாம் பார்த்துச் சலித்த விலைகள். பாதுகாக்கும் பொருளுக்கும் கொடுக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும்.

மான்காவல் பேரைக் காக்கிறது. ஆகவே விலையும் பேர்தான். காவல் நிற்கும் இரவு முழுக்கக் கட்டியவளின் சொந்தப் பேர் மானிடம் இருக்கும். சங்கிலியை அடகு வைத்துவிட்டு வெறுங்கழுத்தோடு வீடு வருவதுபோல அவள் பேரில்லாமல் வீட்டுக்குள் வருவாள். அம்மா குசினியிலிருந்து “தர்சினி” என்று கூப்பிடுவா. பிள்ளை திரும்பாது. காது கேட்கும், அது தன்னைத்தான் என்று தெரியாது. அம்மா இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவா. ஏனென்றால் அவவும் சின்ன வயதில் காவல் கட்டியவ. இந்த இடத்தில் விளக்கம் எழுதாதீர்கள், அம்மா சோற்றைப் போட்டுக் கையில் கொடுக்கட்டும், போதும்.

வழக்கத்தில் இருக்கும் பத்தியத்தை இங்கே சேருங்கள். காவல் நிற்கும்வரை கட்டியவள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணா, மாமி, பிள்ளை, இஞ்ச பார் என்றுதான் பேசவேண்டும். உரையாடல் எழுதும்போது இந்த ஒரு விதி உங்கள் நடையையே மாற்றிவிடும். எங்கள் பேச்சில் முறைசொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு இயல்பு என்பதால் வெளியாளுக்கு அவள் காவல் கட்டியிருப்பதே தெரியாது.

ஏழாம் படி: காவலை இறக்குங்கள்

கட்டியதை அவிழ்க்கும் முறையைப் பலர் எழுதுவதே இல்லை. எதிரி போனதும் மிருகம் காற்றில் கரைந்துவிடும், அத்தியாயம் முடிந்துவிடும். கூப்பிட்டு வந்தவரை வழியனுப்பாமல் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கமா?

விடியற்காலையில் கட்டியவள் வளவுக்கிணற்றில் ஏழு வாளி அள்ளி மண்ணில் ஊற்றவேண்டும். ஏழு என்பதைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலிருந்து எடுத்தேன். அங்கே ஏழு கிணறு, ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வித்தியாசம். அந்த இடத்தையே கதைக்குள் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. செத்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய மக்கள் வருகிற இடம் அது, அதை மந்திரக் கூடமாக்குவது சரியில்லை. சூட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்: முதல் வாளி பச்சைத் தண்ணீர், ஒவ்வொரு வாளியிலும் சூடு கூடும், ஏழாவதைத் தொட முடியாது. அப்போது யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கூப்பிட ஆளில்லாவிட்டால் பேர் திரும்பாது. தனியாக இருப்பவர் மான்காவல் கட்டக்கூடாது என்ற விதி இங்கிருந்து பிறக்கிறது. கதையில் யாராவது அதை மீறித்தான் ஆவார்கள்.

எட்டாம் படி: கற்றுக்கொள்ளும் காட்சி

முதல் தடவையிலேயே மந்திரம் பலிக்கக்கூடாது. ஏன் பலிக்கவில்லை என்பதும் தெளிவாக இருக்கவேண்டும். ‘மனம் ஒருமைப்படவில்லை’ என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். இப்படி ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்:

தர்சினி தன் மூன்று வரியையும் பிசகில்லாமல் சொன்னாள், நாலாவதை அம்மம்மா வாங்கிச் சொன்னா. வேலியோரம் ஒன்றும் அசையவில்லை.

“செருப்பைக் கழட்டு பிள்ளை,” என்றா அம்மம்மா.

“கழட்டிட்டன்.”

“அப்ப காலை மண்ணில வை. சீமெந்தில நிண்டுகொண்டு மண்ணே கேள் எண்டா அது எப்பிடிக் கேக்கும்?”

அவள் திண்ணையிலிருந்து இறங்கினாள். மண் ஈரமாக இருந்தது. இரண்டாம் வரி சொல்லும்போது உள்ளங்காலில் ஏதோ தட்டியது, கீழேயிருந்து.

“ஓடாத,” என்றா அம்மம்மா. “அது குத்தினா நீ நில். நீ ஓடினா அதுவும் ஓடிடும்.”

கவனியுங்கள், மானை இன்னும் காட்டவில்லை. முதல் காட்சியில் கால்குத்து மட்டும் போதும். அடுத்ததில் காது, பிறகு கழுத்து. முழு உருவத்தையும் கதையின் முக்கால்வாசிக்கு முன் காட்டாதீர்கள்.

ஒன்பதாம் படி: தோற்க விடுங்கள்

எழுதி முடித்தபின் ஒரு சோதனை. மந்திரம் சரியாகக் கட்டப்பட்டு, விதி எதுவும் மீறப்படாமல், அப்படியும் தோற்கும் அத்தியாயம் ஒன்று கதையில் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதுங்கள். வாடை உச்சத்தில் இருக்கும் ஒரு மார்கழி இரவை எடுங்கள். மான் நிற்கிறது, குத்துகிறது, மழையில் சத்தம் வேலிவரைகூடப் போகவில்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் மாமி வீட்டில் ஒரு பேர் போய்விடுகிறது. தர்சினிக்கு அந்தப் பேர் தெரியும், அதை மாமியிடம் சொல்கிறாள், மாமி மரியாதையாகச் சிரித்து “ஆர் மகள் அது?” என்கிறா.

இந்த அத்தியாயத்தைக் கதையின் நடுப்பகுதிக்கு முன்னாலேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் வெறும் சோகமாகப் போய்விடும். நடுவில் வைத்தால் மிச்சக் கதை முழுக்கத் தர்சினி அந்தப் பேரை மாமிக்காகச் சுமந்துகொண்டு சீனக்குடாத் தாங்கிகளை நோக்கி நடக்கலாம்.